ஏஜிஐ ஆராய்ச்சிக்கு எந்த மொழி, எந்தக் கம்பைலர்?

எந்தத் துறையில் இறக்கிவிட்டாலும் மனிதரைப் போலக் கற்றுக்கொண்டு செயல்படக்கூடிய செயற்கை அறிவை ஏஜிஐ என்கிறார்கள். அந்த ஆராய்ச்சிக்கு எந்த நிரல்மொழி வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் வரும் பதில் பைத்தான். தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதி விஷயம்கூடத் தெரியாது. பெரிய மொழி மாடல் ஒன்றைப் பயிற்றுவிக்கும்போது ஆராய்ச்சியாளர் எழுதும் வரிகள் பைத்தானில் இருக்கும். கணக்கு அனேகமாக முழுவதும் வேறு மொழியில் எழுதப்பட்டு, வேறு கம்பைலர் (எழுதிய நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) வழியாக ஜிபியு என்ற, ஒரே சமயத்தில் ஏராளமான கணக்குகளைப் போடும் சிப்புக்குப் போன கட்டளைகளில் நடக்கும்.

மொழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கோடை (நிரல் வரிகளை) மாற்றப்போவது யார், எவ்வளவு அடிக்கடி? ஆராய்ச்சியாளர் தினமும் பிய்த்துப்போட்டுத் திரும்ப எழுதும் பகுதி ஒன்று உண்டு. எழுதிவிட்டால் மாதக்கணக்கில் யாரும் தொடாத, ஆனால் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும் பகுதி இன்னொன்று. மூன்றாவது, ஏஜிஐக்கே உரியது: இயந்திரம் தானே எழுதி, தானே திருத்திக்கொள்ளும் பகுதி. முதலாவதற்கு வளைந்துகொடுக்கும் மொழி வேண்டும். இரண்டாவதற்கு சிப்பைத் தெரிந்த கம்பைலர் வேண்டும். மூன்றாவதற்கு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரியை மாற்றினாலும் ஏதோ ஓர் அர்த்தம் மிஞ்சும் மொழி வேண்டும். இந்தத் துறையில் நடந்த மொழிச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்தவை என்பது என் கணிப்பு.

லிஸ்ப் சாதித்தது என்ன

1958-இல் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை வடிவமைக்கத் தொடங்கினார். 1960-இல் வந்த அவருடைய கட்டுரையில் 'இவால்' என்றொரு ஃபங்ஷன் இருந்தது: ஒரு லிஸ்ப் நிரலைக் கொடுத்தால் அதை ஓட்டி விடை சொல்லும், லிஸ்பிலேயே எழுதிய ஃபங்ஷன். மெக்கார்த்தி அதைக் காகிதத்தில் படிப்பதற்காகத்தான் எழுதினார். அவரோடு இருந்த ஸ்டீவ் ரஸ்ஸல் அதைப் பார்த்துவிட்டு, இதை அப்படியே இயந்திரக் கோடாக எழுதிவிடலாமே என்றார். கோட்பாட்டையும் நடைமுறையையும் போட்டுக் குழப்புகிறாய் என்று மெக்கார்த்தி சொல்லியும் கேட்கவில்லை. ஐபிஎம் 704-இல் எழுதி ஓட்டியும் காட்டினார். லிஸ்புக்கு இன்டர்பிரெட்டர் கிடைத்தது இப்படித்தான்.

லிஸ்பில் நிரலும் பட்டியல், நிரல் கையாளும் தரவும் பட்டியல். அதனால் ஒரு நிரல் இன்னொரு நிரலைப் படிக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், ஓட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒரு ஃபங்ஷனை உருவாக்கி, அதை அந்த இடத்திலேயே இயந்திரக் கோடாகக் கம்பைல் செய்துகொள்ளவும் முடியும். காமன் லிஸ்பின் எஸ்பிசிஎல் கம்பைலரில் இன்றும் இது அன்றாடக் காரியம். சி மொழியில் இதையே செய்ய வேண்டுமானால் கோடை ஃபைலில் எழுதி, வெளியே கம்பைலரைக் கூப்பிட்டு, வந்த லைப்ரரியைத் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். முடியாதது இல்லை. ஆனால் யாரும் ஆசைப்பட்டுச் செய்யமாட்டார்கள்.

இந்தக் குணம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு டக்ளஸ் லெனட்டின் ஏஎம் நிரலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1976-இல் ஸ்டான்ஃபோர்டில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு அது. கணங்கள், பட்டியல்கள் போன்ற சில அடிப்படைக் கருத்துகளை மட்டும் கொடுத்துவிட்டு, இதிலிருந்து சுவாரசியமான கணிதக் கருத்துகளைக் கண்டுபிடி என்று விட்டார். அது எண்களைக் கண்டுபிடித்தது, பகா எண்களைக் கண்டுபிடித்தது, எண் கோட்பாட்டின் புகழ்பெற்ற கோல்ட்பாக் ஊகம் வரை போனது.

எண்ணை எப்படிக் கண்டுபிடித்தது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இரண்டு பட்டியல்கள் ஒன்றேதானா என்று சொல்லும் ஃபங்ஷன் லிஸ்பில் சில வரிதான். இரண்டிலும் முதல் உறுப்பை எடுத்து ஒப்பிடு. ஒன்றாக இருந்தால் மீதிப் பட்டியல்களை இதே முறையில் ஒப்பிடு. இரண்டும் ஒன்றாகத் தீர்ந்துபோனால் 'ஆம்'. ஏஎம் இதில் முதல் உறுப்புகளை ஒப்பிடும் பகுதியை வெட்டி எறிந்தது. மிச்சமிருக்கும் ஃபங்ஷன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது, இரண்டும் ஒரே சமயத்தில் தீர்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். அதாவது நீளம் சமமா? மூன்று மாம்பழம் உள்ள பட்டியலும் மூன்று கல் உள்ள பட்டியலும் அதற்கு ஒன்றுதான். அங்கிருந்து 'மூன்று' என்ற எண்ணுக்கு ஓர் அடிதான் பாக்கி.

பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கெட்டிக்காரத்தனம் ஏஎம்முடையதா, லிஸ்புடையதா? சில ஆண்டுகள் கழித்து லெனட்டே, ஜான் சீலி பிரவுனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னார். லிஸ்புக்கும் கணிதத்துக்கும் நெருக்கமான உறவு இருப்பதால்தான், சின்ன லிஸ்ப் நிரலைச் சும்மா கொஞ்சம் மாற்றினாலும் அர்த்தமுள்ள கணிதக் கருத்து வந்து விழுகிறது. நிரல்கள் நீளமாகிக்கொண்டே போனபோது இந்த அதிர்ஷ்டம் வற்றியது. அவருடைய அடுத்த நிரலான யூரிஸ்கோவில் கருத்துகளை மட்டுமின்றி, அவற்றைத் தேடும் உத்திகளையும் இயந்திரமே மாற்ற வேண்டியிருந்தது. அந்த உத்திகளை எழுதுவதற்கென்றே தனியாக ஒரு மொழியை அமைக்க வேண்டி வந்தது. ஏஜிஐக்கு மொழி தேர்ந்தெடுப்பது பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் மிகப் பயனுள்ளது என்று இதைத்தான் சொல்வேன், எழுதியவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை என்றாலும்.

மொழி தோற்றதா, இயந்திரம் தோற்றதா

லிஸ்ப் ஏன் பின்வாங்கியது என்பதற்குச் சுருக்கமான பதில், சிப். எம்ஐடியிலிருந்து கிளம்பிய சிம்பாலிக்ஸ் போன்ற நிறுவனங்கள் லிஸ்புக்கென்றே கம்ப்யூட்டர் செய்து விற்றன. தரவின் வகையைச் சோதிப்பதைக்கூட ஹார்டுவேரே செய்தது. சாதாரண ஒர்க்ஸ்டேஷன்கள் ஆண்டுதோறும் மலிவாகி வேகமானதும் 1987 வாக்கில் அந்தச் சந்தை சரிந்தது. ஜப்பானின் ஐந்தாம் தலைமுறைத் திட்டம் 1982-இல் தொடங்கி, தர்க்க நிரலாக்கத்தை நம்பித் தனி இயந்திரங்கள் கட்டியது. அந்த வகை மொழியான புரோலாக் 1972-இல் பிரான்ஸின் மார்செயில் பிறந்தது. அந்தத் திட்டம் அதன் வழித்தோன்றல்களை நம்பியது. பத்து ஆண்டில் அதுவும் முடிந்தது. ஆராய்ச்சி மட்டத்தில் நல்ல வேலைகள் நடந்தன, ஆனால் அந்த இயந்திரங்களை வாங்க ஆளில்லை.

அதற்குப் பிறகு எல்லோரும் சி பக்கம் நகர்ந்தார்கள். ஆலன் நியூவெல், ஜான் லெயர்ட், பால் ரோசன்புளூம் உருவாக்கிய சோர் என்ற செயற்கை அறிவு அமைப்பு 1983-இல் லிஸ்பில் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் சி மொழியில் திரும்ப எழுதப்பட்டது. அன்றாடப் பொது அறிவை இயந்திரத்துக்கு ஊட்ட முயன்ற லெனட்டின் சைக் திட்டம் நடுவழி ஒன்றைப் பிடித்தது. சப்எல் என்ற லிஸ்பின் ஒரு பகுதியில் எழுதுவார்கள், கம்பைலர் அதைச் சி கோடாக மாற்றிக் கொடுக்கும். மொழியை மாற்றாமல் கம்பைலரை மட்டும் மாற்றியது புத்திசாலித்தனமான வேலை. மனிதனுக்குப் பிடித்த மொழியும் சிப்புக்குப் பிடித்த மொழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்.

ஏழு மணி நேரத்திலிருந்து அரை விநாடிக்கும் கீழே

மொழியை மாற்றினால் எவ்வளவு வேகம் கிடைக்கும், கம்பைலரையும் சிப்பையும் புரிந்துகொண்டால் எவ்வளவு கிடைக்கும்? இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. எம்ஐடியின் சார்லஸ் லைசர்சனும் அவருடைய குழுவினரும் 2020-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. வேலை எளியது: 4096 வரிசை, 4096 நெடுவரிசை கொண்ட இரண்டு அணிகளை (மேட்ரிக்ஸ்) பெருக்க வேண்டும். 18 கோர் கொண்ட ஒரே கம்ப்யூட்டர்.

பைத்தானில் மூன்று லூப் போட்டு எழுதினால் ஏறத்தாழ 7 மணி நேரம். அதையே ஜாவாவில் எழுதினால் சுமார் 40 நிமிடம். சி மொழியில் 9 நிமிடம், அதாவது 47 மடங்கு வேகம். "பைத்தான் மெதுவான மொழி" என்பவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். அந்த ஆய்வு நிறுத்தவில்லை. எல்லாக் கோர்களிலும் லூப்பைப் பிரித்துப் போட்டதும் 70 விநாடி. அணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான கேஷ் மெமரிக்குள் அடங்கும்படி செய்ததும் 3.8 விநாடி. ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் சிப்பின் வெக்டர் வசதியைப் பயன்படுத்தச் சொன்னதும் 1.1 விநாடி. வெக்டர் கட்டளைகளைக் கையாலேயே எழுதியதும் 0.41 விநாடி. தொடக்கத்தோடு ஒப்பிட்டால் 60,000 மடங்குக்கும் மேல்.

மொழியை மாற்றியது 47 மடங்கு கொடுத்தது. மீதி 1,300 மடங்குக்கு மேல் வந்தது சி மொழிக்குள்ளேயே. நல்ல சி கம்பைலர்தான், ஆனால் மூன்று லூப்பைப் பார்த்துவிட்டு "இதைத் துண்டாக வெட்டினால் கேஷில் அடங்குமே" என்று அதற்கு அன்று தோன்றவில்லை. இப்படி யாரோ கஷ்டப்பட்டு எழுதிவைத்த அணிப் பெருக்கலைத்தான் பைத்தானின் நம்பை (NumPy) லைப்ரரி உள்ளே கூப்பிடுகிறது. அதனால் பைத்தானில் ஒரே வரியில் நம்பை பெருக்கல் எழுதுகிறவர், சி மொழியில் மூன்று லூப் எழுதுகிறவரைச் சுலபமாக முந்திவிடுவார். பைத்தான் இந்தத் துறையைப் பிடித்ததில் மர்மம் ஒன்றுமில்லை. ஓடுகிற கோடு அதனுடையது இல்லை, கைப்பிடிதான் அதனுடையது.

இந்தக் கதை ஜிபியுவில் இன்னும் தீவிரமாகிறது. 2012-இல் படங்களை அடையாளம் காணும் போட்டியை வென்ற அலெக்ஸ்நெட் என்ற நியூரல் நெட்ஒர்க்கை எடுத்துக்கொள்வோம். அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில், ஜிபியுவுக்கு நிரல் எழுத உதவும் க்யூடாவில் தானே எழுதிய கோடில், 5, 6 நாள் பயிற்றுவித்தார். ஒவ்வொரு கார்டிலும் 3 ஜிபி மெமரிதான். அந்த மாடலின் வடிவமே இரண்டு கார்டுக்கு ஏற்றபடி இரண்டு பாதியாக வெட்டப்பட்டிருந்தது. என்விடியா க்யூடாவை 2007-இல் வெளியிட்டிராவிட்டால் அந்த வெற்றி அந்த ஆண்டு வந்திருக்காது.

என்விடியாவின் எச்100 சிப்பில் மெமரியிலிருந்து விநாடிக்கு 3.35 டெராபைட் வரும். 16 பிட் எண்களில் அது விநாடிக்கு சுமார் 989 டெரா, அதாவது 989 லட்சம் கோடி கணக்குப் போடும். வகுத்துப் பாருங்கள்: ஒரு பைட் வந்து சேரும் நேரத்தில் 295 கணக்கு போட்டிருக்கலாம். ஆக, இரண்டு வரிசை எண்களை வெறுமனே கூட்டச் சொன்னால் அத்தனை விலை கொடுத்து வாங்கிய சிப் பெரும்பாலான நேரம் சும்மா நிற்கும். பெருக்கு, கூட்டு, மைனஸ் எண்களைப் பூஜ்யமாக்கு என்று மூன்று வேலை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் மெமரிக்குப் போய்வருவது உப்புக்கு ஒரு தடவை, புளிக்கு ஒரு தடவை, மிளகாய்க்கு ஒரு தடவை கடைக்கு நடப்பது மாதிரி. மூன்றையும் ஒரே கெர்னலாக, அதாவது ஜிபியுவில் ஒரே தடவையில் ஓடும் சின்ன நிரலாக, சேர்த்துவிடுவதுதான் இந்தக் கம்பைலர்களின் முக்கியமான வேலை.

கம்பைலர் போடும் வேலி

ஏஜிஐ ஆராய்ச்சியாளர் உஷாராக இருக்க வேண்டிய இடம் இதுதான்.

நியூரல் நெட்ஒர்க்குகளைப் பயிற்றுவிக்கும் லைப்ரரிகளில், மான்ட்ரியாலில் உருவான தியானோ, 2015-இல் கூகுள் வெளியிட்ட டென்சர்ஃப்ளோ இரண்டும் முதலில் முழுக் கணக்கையும் ஒரு வரைபடமாகக் கட்டச் சொன்னன. கம்பைலருக்கு அது வசதி, மனிதனுக்குத் தொல்லை. நடுவில் ஒரு மதிப்பை அச்சிட்டுப் பார்க்கக்கூடச் சுற்றி வளைக்க வேண்டும். 2017-இல் பரவத் தொடங்கிய பைடார்ச் வரிக்கு வரி ஓடியது. ஆராய்ச்சியாளர்கள் கூட்டமாக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அப்புறம் வேகம் போதவில்லை என்று பைடார்ச்சும் 2023-இல் 2.0 பதிப்போடு கம்பைலரைக் கொண்டுவந்தது. அது பைத்தான் கோடு ஓடும்போதே கவனித்து, கணக்கு வரைபடத்தைப் பிடித்து, டிரைட்டன் மொழியில் ஜிபியு கெர்னல்களை எழுதிக் கொடுக்கிறது. கூகுளின் ஜாக்ஸ் இதே வேலையை எக்ஸ்எல்ஏ கம்பைலர் வழியாகச் செய்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பிடிக்காத ஒன்று உண்டு. கணக்கின் நடுவில் வந்த மதிப்பைப் பார்த்துவிட்டு, "இது பூஜ்யத்தைவிடப் பெரியதாக இருந்தால் இந்த வழி, இல்லையென்றால் அந்த வழி" என்று சாதாரண 'இஃப்' எழுதிப் பாருங்கள். ஜாக்ஸில் கம்பைல் செய்யும் ஃபங்ஷனுக்குள் எழுதினால் பிழை என்று நின்றுவிடும், ஏனென்றால் கம்பைல் நேரத்தில் அதற்கு மதிப்பு தெரியாது, வடிவம்தான் தெரியும். பைடார்ச்சில் வரைபடம் அந்த இடத்தில் அறுந்து, பைத்தானுக்குத் திரும்பிவரும், வேகம் போய்விடும். ஜாக்ஸ் இதற்கென்று தனி ஃபங்ஷன் கொடுக்கிறது. ஆனால் பல உள்ளீடுகளை ஒன்றாக அடுக்கி ஓட்டும்போது, ஒவ்வொன்றும் வேறு வழி போக வாய்ப்பிருந்தால், இரண்டு வழியையும் கணக்கிட்டுவிட்டு வேண்டாததைத் தூக்கிப்போடும்.

இன்றைய மொழி மாடல்களின் அடிப்படை அமைப்பான டிரான்ஸ்ஃபார்மருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, ஏனென்றால் அது ஒரே அளவு அணிப் பெருக்கல்களை அடுக்கிவைத்த அமைப்பு. ஆனால் யோசிப்பது என்பது நிபந்தனை போட்டுக் கிளை பிரிந்து, சில கிளைகளைக் கைவிட்டு, நினைவிலிருந்து எதையோ தேடி எடுத்து நடக்கும் காரியம் என்று நம்புகிறவர் இந்த வேலிக்குள் மூச்சுத் திணறுவார். கூகுளில் இருந்த பால் பார்ஹாமும் மைக்கேல் ஐசர்டும் 2019-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். ஜெஃப்ரி ஹின்டனின் கேப்ஸ்யூல் நெட்ஒர்க் என்ற நியூரல் நெட்ஒர்க் வகையை அவர்கள் உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கு வேண்டிய கணக்கு, ஏற்கெனவே எழுதிவைத்த கெர்னல்களில் அடங்கவில்லை; அன்றிருந்த கம்பைலர்களாலும் நல்ல கெர்னல் எழுத முடியவில்லை. அடுத்த ஆண்டு சாரா ஹூக்கர் இதை இன்னும் விரிவாக்கி, இருக்கிற ஹார்டுவேருக்கும் சாஃப்ட்வேருக்கும் பொருந்தியதால் ஒரு யோசனை ஜெயிப்பதை ஹார்டுவேர் லாட்டரி என்று அழைத்தார். அது நல்ல யோசனைதானா என்பது தனிக் கேள்வியாகவே நிற்கிறது.

கம்பைலரை யாரும் தேர்ந்தெடுப்பதாக நினைப்பதில்லை. பைத்தானைத் தேர்ந்தெடுத்ததும் அது கூடவே வந்துவிடுகிறது. ஆனால் எந்தச் சோதனை ஒரு மணி நேரத்தில் முடியும், எது ஒரு மாதம் இழுக்கும் என்பதை முடிவு செய்வது அதுதான். ஒரு மாதம் இழுக்கும் சோதனையை யாரும் நாலாவது தடவை செய்து பார்ப்பதில்லை.

நியூரல் நெட்ஒர்க் பாதையில் போகாதவர்கள்

ஏஜிஐ என்ற பெயரைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவரான பென் கோர்ட்ஸல் அந்தப் பாதைக்கு வெளியே தேடியவர்களில் ஒருவர். 1990-களின் இறுதியில் அவருடைய வெப்மைண்ட் அமைப்பு ஜாவாவில் இருந்தது. பின்னர் வந்த ஓப்பன்காக் சி++ மொழியில் எழுதப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் மேலே இருந்து ஸ்கீம், பைத்தான் வழியாகத் தொட்டார்கள். ஆட்டம்ஸ்பேஸ் என்ற பெரிய வரைபடத்தில் அறிவு முழுவதும் கணுக்களாகவும் இணைப்புகளாகவும் கிடக்கும். இப்போது நடக்கும் ஹைபெரான் திட்டத்துக்கு மெட்டா என்று தனி மொழியே உருவாக்கியிருக்கிறார்கள் (ஃபேஸ்புக் மெட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). மெட்டாவில் எழுதிய நிரலும் அதே வரைபடத்தில் கணுக்களாகக் கிடக்கும், அதனால் அமைப்பு தன்னுடைய நிரலையே தேடலாம், மாற்றலாம். லிஸ்பின் பழைய கனவுதான். கீழே ரஸ்ட் மொழியில் ஒரு இன்டர்பிரெட்டர், புரோலாக் மேல் கட்டிய இன்னொரு வடிவம் என்று ஒரே மொழிக்குப் பல எந்திரங்கள். மொழியையும் அதை ஓட்டும் எந்திரத்தையும் தனித்தனியாக வைத்தது எனக்குச் சரியான முடிவாகப் படுகிறது. மேலே ஒரு வரி மாறாமல் கீழே எல்லாவற்றையும் மாற்றிப்போடலாம்.

இந்த வகை அமைப்புகளுக்கு ஜிபியு அதிகம் உதவாது. வரைபடத்தில் ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மெமரியில் எங்கோ தொலைவில் போய் விழ வேண்டியிருக்கிறது. அடுத்தது எங்கே என்று முன்கூட்டியே தெரியாது, கேஷ் கைகொடுக்காது. இங்கே மொழி நேரடியாகவே கணக்கில் வரும், ஏனென்றால் தரவை மெமரியில் எப்படி அடுக்குவது என்பதை சி, சி++, ரஸ்ட் மூன்றும் நம் கையில் விடுகின்றன. ஜாவாவோ பைத்தானோ ஒவ்வொரு சின்னப் பொருளுக்கும் கூடுதலாகச் சில பைட் சுமத்தி, மெமரி முழுவதும் சிதறடித்துவிடும்.

பெய் வாங் உருவாக்கிய நார்ஸ் என்ற ஏஜிஐ அமைப்பு இதற்கு இன்னொரு சாட்சி. அவருடைய கோட்பாட்டில் அறிவும் வளமும் எப்போதும் பற்றாக்குறையாகத்தான் இருக்கும், அமைப்பு அதற்குள் சமாளிக்க வேண்டும். ஓப்பன்நார்ஸ் ஜாவாவில் வளர்ந்தது. ரோபோட் போன்ற இடங்களில் பயன்படுத்துவதற்காகப் பின்னர் வந்த ஓனா வடிவம் சி மொழியில் எழுதப்பட்டது. அளவு கட்டுப்படுத்திய வரிசைகள், நினைவு நிரம்பினால் முக்கியம் குறைந்தது வெளியே போகும். வேண்டாத மெமரியைத் தானே காலி செய்யும் கார்பேஜ் கலெக்டர் எப்போது வந்து நிறுத்திவைக்கும் என்று தெரியாத மொழியில், "இவ்வளவு நேரத்துக்குள் முடிவெடு" என்ற கோட்பாட்டைச் சோதிப்பது கஷ்டம். கோட்பாடே மொழியைத் தேர்ந்தெடுத்த அரிய இடம் இது.

ஜூலியா பற்றிக் கேட்பார்கள். 2012-இல் வெளியானபோது, ஆராய்ச்சிக்கு ஒரு மொழி, வேகத்துக்கு ஒரு மொழி என்ற இரட்டை வேலையை ஒழிப்போம் என்றது. எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பு வழியாக நல்ல வேகம் கொடுக்கிறது, அழகான மொழி. பெரிய மாடல் பயிற்சிக்கான லைப்ரரிகளும் ஆட்களும் மட்டும் பைத்தான் பக்கமே தங்கிவிட்டார்கள். கூகுளின் 'டென்சர்ஃப்ளோவுக்கான ஸ்விஃப்ட்' 2021-இல் மூட்டை கட்டியது. அதைத் தொடங்கிய கிறிஸ் லாட்னர், எல்எல்விஎம்மைத் தொடங்கியவரும் அவர்தான், இப்போது மோஜோ மொழியில் இறங்கியிருக்கிறார். பைத்தான் மாதிரி எழுத்து, அடியில் எம்எல்ஐஆர் கம்பைலர். முழு ஆராய்ச்சியையும் இன்றே அதில் கொண்டுபோய் வைக்க நான் சொல்லமாட்டேன், கவனித்துக்கொண்டிருப்பேன்.

இயந்திரமே எழுதும்போது

மூன்றாவது பகுதி கடந்த சில ஆண்டுகளில்தான் உண்மையாகவே உயிர்பெற்றிருக்கிறது. 2025-இல் வந்த டார்வின் கோடல் மெஷின் என்ற ஆராய்ச்சியில், நிரல் எழுதும் ஏஜென்ட் ஒன்று தன்னுடைய பைத்தான் கோடைத் தானே திருத்திக்கொண்டது. நிஜ சாஃப்ட்வேர் பிழைகளைத் திருத்தச் சொல்லிச் சோதிக்கும் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்ற அளவீட்டில் 20 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்துக்குப் போனது. அதற்குள் இருந்த மொழி மாடல் மாறவில்லை, சுற்றியிருந்த கோடுதான் மாறியது.

இங்கே பைத்தான் ஜெயிப்பதற்குக் காரணம் வேறு. மொழி மாடல்கள் படித்த கோடில் பைத்தான் ஏராளம். அழகான ஒரு சின்ன மொழியைக் கொடுத்தால் அதே மாடல் திணறும். லெனட் சொன்ன "மாற்றினால் அர்த்தம் மிஞ்சும்" என்ற குணத்தை லிஸ்பின் இலக்கணம் கொடுத்தது. இன்று மாடலின் பயிற்சியே கொடுக்கிறது.

கம்பைலரின் வேலையும் இங்கே மாறுகிறது. அது தப்பைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியராகிவிடுகிறது. ரஸ்ட் கம்பைலர் ஒரு கோடை நிராகரிக்கும்போது காரணத்தை விலாவாரியாகச் சொல்கிறது, மாடல் அதைப் படித்துத் திருத்திக்கொள்ள முடிகிறது. இதன் உச்சம் லீன் மொழி. லியனார்டோ டி மோரா தொடங்கிய அந்த மொழியில் ஒரு கணித நிரூபணம் கம்பைல் ஆனால் அது சரி, வாதத்துக்கே இடமில்லை. டீப்மைண்டின் ஆல்ஃபாபுரூஃப், ஆல்ஃபாஜியோமெட்ரி 2-வோடு சேர்ந்து 2024 சர்வதேச கணித ஒலிம்பியாட் கணக்குகளில் வெள்ளிப் பதக்க அளவை எட்டியபோது, ஆல்ஃபாபுரூஃப் தன் நிரூபணங்களை எழுதியது லீனில்தான். மனிதர்களைக் கேட்காமல் தன் விடையைத் தானே திருத்த வேண்டுமென்றால் இப்படி ஒரு நடுவர் வேண்டும்.

கம்பைலரும் மாற்றத்துக்குத் தப்பவில்லை. 2023-இல் டீப்மைண்டின் ஆல்ஃபாடெவ், சிப்பின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளி அளவில் தேடிக் கண்டுபிடித்த சின்னச் சின்ன வரிசைப்படுத்தும் கோடுகள் எல்எல்விஎம்மின் சி++ லைப்ரரியிலேயே சேர்க்கப்பட்டன. 2025-இல் அதே டீப்மைண்டின் ஆல்ஃபாஎவால்வ், ஜெமினி பயிற்சியில் பயன்படும் ஒரு கெர்னலை 23 சதவீதம் வேகமாக்கி, மொத்தப் பயிற்சி நேரத்தில் 1 சதவீதம் மிச்சம் பிடித்தது. எக்ஸ்எல்ஏ கம்பைலர் எழுதிக்கொடுத்த இடைநிலைக் கோடை நேரடியாகத் திருத்தி, டிரான்ஸ்ஃபார்மரின் கவன (அட்டென்ஷன்) அடுக்குக்கான கெர்னலைச் சுமார் 32 சதவீதம் வேகமாக்கியது. மனிதர்கள் தொடுவதற்காக எழுதப்பட்ட கோடு இல்லை அது.

இந்தத் தன்னைத்தானே திருத்தும் வேலைக்கு ஒரு சின்ன நச்சு உண்டு. 0.1, 0.2, 0.3 மூன்றையும் கூட்டுங்கள். முதல் இரண்டை முதலில் கூட்டினால் கம்ப்யூட்டர் 0.6000000000000001 என்கிறது. கடைசி இரண்டை முதலில் கூட்டினால் 0.6. கம்பைலர் வேகத்துக்காகக் கூட்டும் வரிசையை மாற்றினால், கோர்களின் எண்ணிக்கை மாறினால், புதிய பதிப்பு வேறு கெர்னலைத் தேர்ந்தெடுத்தால், கடைசி இலக்கம் மாறும். கோடிக்கணக்கான கூட்டல்களும் ஆயிரக்கணக்கான படிகளும் தாண்டும்போது அது வேறொரு மாடலாகவே போய் முடியலாம். தன் கோடில் ஒரு வரியை மாற்றிவிட்டு, "அரை சதவீதம் முன்னேறினேன்" என்று அமைப்பு முடிவெடுக்கிறது என்று வையுங்கள். அந்த அரை சதவீதம் கம்பைலரின் சில்மிஷமாக இருந்தால் தப்பான வழியில் ஏறிவிடும். கம்பைலரின் பதிப்பையும் அதற்குக் கொடுத்த ஆப்ஷன்களையும் ஒவ்வொரு சோதனையோடும் குறித்துவைப்பது, வேகம் குறைந்தாலும் மாறாத விடை தரும் முறையில் ஒருமுறை சரிபார்ப்பது, ஒரே சோதனையை வேறு வேறு விதைகளோடு (தற்செயல் எண்களின் தொடக்க மதிப்பு) ஓட்டுவது எல்லாம் சலிப்பூட்டும் வேலைகள்தான். செய்யாமல் விட்டவர்களின் முடிவுகளை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மொழியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதைப் பார்த்துக் கோட்பாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ரே சாலமனாஃப், கோல்மகோரோவ் வழி வந்த கணிதத்தில், எந்த மொழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு வேலைக்கான மிகச் சிறிய நிரலின் நீளம் ஒரு மாறிலி அளவுதான் வேறுபடும். ஒரு மொழிக்கு இன்னொரு மொழியில் இன்டர்பிரெட்டர் எழுதும் நீளம் அது. மார்கஸ் ஹட்டரின் ஏஐஎக்ஸ்ஐ என்ற லட்சிய ஏஜென்ட் இந்த அடித்தளத்தில் நிற்கிறது. ஆனால் 2015-இல் யான் லைகேயும் அதே ஹட்டரும் சேர்ந்து, அடியில் இருக்கும், எந்த நிரலையும் ஓட்டக்கூடிய பொது இயந்திரத்தை மோசமாகத் தேர்ந்தெடுத்தால் அந்த லட்சிய ஏஜென்ட்கூட உருப்படாமல் போகும் என்று நிரூபித்துக் காட்டினார்கள். அந்த 'மாறிலி'யின் அளவுக்கு மேல்வரம்பு கிடையாது.

இன்று இதில் இறங்க நினைக்கும் மாணவர் ஒருவர் கேட்டால் நான் சொல்வது: பைத்தானை வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் இன்று எந்த ஆய்வுக்கூடத்திலும் பேச முடியாது. அதோடு ரஸ்ட் அல்லது சி++ ஒன்றை, மெமரியில் எது எங்கே கிடக்கிறது என்று சொல்லத் தெரியும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். லிஸ்ப் இன்டர்பிரெட்டர் ஒன்றை நீங்களே எழுதுங்கள், ஓரிரண்டு வார இறுதி போதும். அப்புறம் டிரைட்டனில் இரண்டு வரிசைகளைக் கூட்டும் ஒரு கெர்னல், அடுத்து அணிப் பெருக்கல் ஒன்று. ஜிபியு கையில் இல்லையென்றாலும் பரவாயில்லை, டிரைட்டனில் இன்டர்பிரெட்டர் முறை இருக்கிறது. சாதாரண லேப்டாப் சிபியுவிலேயே மெதுவாக ஓடும், நடுவில் நிறுத்தி ஒவ்வொரு மதிப்பையும் அச்சிட்டுப் பார்க்கலாம்.